ஓய்வூதியம் வருகிறது, ஆள் வருவதில்லை

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஆண்டர்சன்பேட்டையிலிருந்து ஒரு தாய் சாம்பியன் ரீப்ஸில் உள்ள எங்கள் வீட்டைத் தேடி வந்தார். அவருடைய மகன் இராணுவத்தில் இருக்கிறான். பயிற்சியின்போது விழுந்து முதுகுத்தண்டு முறிந்து, வடக்கே ஒரு மருத்துவமனையில் ஐந்து மாதங்களாகக் கிடக்கிறான். இனிச் செய்வதற்கு அறுவை ஏதும் இல்லை, வீட்டுக்கு அழைத்துச் செல்ல ஆயத்தம் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். அந்தத் தாய் கேட்க வந்தது ஒரே கேள்வி: "எங்க கொண்டுபோய் வெக்கிறதும்மா அவன?"

கேள்வி என்னிடம் கேட்கப்பட்டதன்று, என் அக்காவிடம். தங்கவயலில் இக்கேள்விக்கு விடை தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அக்கா தேநீர் வைத்துக் கொடுத்தாள். நெடுநேரம் பேசவில்லை.

சுரங்கம் மூடப்பட்டபின் இவ்வூர்த் தொழிலாளர் குடும்பங்கள் எவ்வாறு பிழைத்தன என்பதை நான்காண்டுகளாக ஆராய்ந்து வருகிறேன். எத்தனையோ வீடுகளின் திண்ணைகளில் அமர்ந்து குறிப்பெடுத்திருக்கிறேன். எங்கள் வீட்டைப் பற்றி மட்டும் ஒரு வரியும் எழுதியதில்லை. அக்காவின் இசைவோடு இப்போது எழுதுகிறேன். நீண்ட பதிவு, பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

என் அக்காவின் கணவரை நாங்கள் மாமா என்று அழைப்போம். ஹவில்தாராக இருந்தார். 2016 இலையுதிர் காலத்தில் மலைப்பாதை ஒன்றில் அவர் சென்ற லாரி உருண்டது. கழுத்தில் ஆறாவது எலும்புக்குக் கீழே தண்டுவடம் செயலிழந்தது. தோள் அசையும், முழங்கை மடங்கும், மணிக்கட்டைச் சற்று நிமிர்த்த முடியும். விரல்கள் இல்லாததற்குச் சமம். மார்புக்குக் கீழே உணர்வே கிடையாது. ஓராண்டுக்குப் பிறகு நூறு விழுக்காடு ஊனம் என்று மருத்துவக் குழு எழுதிப் பணியிலிருந்து விடுவித்தது. வீட்டுக்கு வந்தபோது அவருக்கு முப்பத்து நான்கு வயது, அக்காவுக்கு இருபத்தொன்பது.

"பராமரிப்பு" என்ற சொல்லை நாம் எளிதாக எழுதிவிடுகிறோம். அதனுள் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லிவிட்டே மேலே செல்ல வேண்டும். உணர்வற்ற உடலை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இரவிலும்தான். தவறினால் இடுப்பெலும்பின்மேல் தோல் சிவக்கும், சிவந்தது கறுக்கும், கறுத்தது குழியாகும். அந்தப் படுக்கைப்புண் ஆற மாதங்கள் பிடிக்கும், சில வேளை உயிரையே கொண்டுபோகும். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் விட்டுச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். மலம் கழிப்பதற்குக் கையுறை அணிந்த விரல் வேண்டும். கழுத்தில் அடிபட்டவர்களுக்கு இன்னோர் இடர் உண்டு: சிறுநீர்ப்பை நிறைந்தாலோ குழாய் மடங்கினாலோ இரத்த அழுத்தம் திடீரென்று ஏறும்; தலை வெடிப்பதுபோல் வலிக்கும்; முகம் வியர்க்கும். உடனே நிமிர்த்தி உட்காரவைத்துக் காரணத்தைக் கண்டுபிடித்து நீக்காவிட்டால் மூளையில் இரத்தக் கசிவு வரை போகலாம். எட்டாண்டுகளாக என் அக்கா ஓர் இரவும் தொடர்ந்து மூன்று மணி நேரம் உறங்கியதில்லை. இது மிகைக்கூற்றன்று. கைப்பேசி அலாரம் அடிப்பதற்கு முன்பே அவள் எழுந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இதில் யாரையும் பழிப்பது என் நோக்கமன்று. அரசு கொடுப்பதை முதலில் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மாமாவுக்கு ஊன ஓய்வூதியம் வருகிறது. முன்னாள் படைவீரர்களுக்காக 2003ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பங்களிப்பு மருத்துவத் திட்டத்தில் அவரும் அக்காவும் உறுப்பினர்கள். மருந்தும் மருத்துவமனைச் சேர்க்கையும் அதில் கிடைக்கின்றன. கல்குழியில் நசுங்கியவனுக்கோ, கட்டடச் சாரத்திலிருந்து விழுந்தவனுக்கோ இவற்றில் பாதியும் இல்லை. ஆனால் இத்திட்டங்கள் அனைத்தும் மருத்துவத்தை நோக்கியவை. புண் வந்தபின் மருத்துவமனை இருக்கிறது. புண் வராமலிருக்க நள்ளிரவு இரண்டு மணிக்குத் திருப்பிப் படுக்கவைக்கும் கைக்கு இவற்றில் இடமில்லை.

இடம் முற்றிலும் இல்லை என்று சொல்லவும் முடியாது. நூறு விழுக்காடு ஊனமுற்றவருக்கு இடைவிடா உதவியாளர் படி என்று ஒன்று உண்டு. ஏழாவது ஊதியக் குழுவுக்குப்பின் அது மாதம் 6,750 ரூபாய் என்று வகுக்கப்பட்டது. அகவிலைப்படி 50 விழுக்காடு ஏறும்போதெல்லாம் இது 25 விழுக்காடு கூடும் என்பது விதி. நாளுக்கு 225 ரூபாய். "இடைவிடா" என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு இருபத்து நான்கால் வகுத்தால் மணிக்குப் பத்து ரூபாய்க்கும் குறைவு. 25 விழுக்காட்டைக் கூட்டிக் கணக்கிட்டாலும் பன்னிரண்டைத் தொடாது. இப்பணத்தில் இரவும் பகலும் ஆள் அமர்த்த முடியாதென்பது அதை வகுத்தவர்களுக்கும் தெரிந்திருக்கும். அப்படியானால் இந்தத் தொகை எதை எதிர்பார்த்து வகுக்கப்பட்டது? வீட்டில் ஒரு பெண் இருப்பாள் என்பதை எதிர்பார்த்து. இப்படியைப் பெறுவதற்காக அக்கா ஓர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்த காலத்தில், அங்கிருந்த எழுத்தர் ஒருவர் மிக அமைதியாகக் கேட்டார்: "நீங்க மனைவிதானே? தனியா ஆள் எதுவும் வெக்கலையே?"

அந்தக் கேள்வியை நான் மறக்கவே மாட்டேன்.

இல்லம் எதுவும் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கின்றன. 1971 போர் முடிந்து மூன்றாண்டுகளில், 1974இல், புனேயை அடுத்த கிர்க்கியில் தண்டுவடம் செயலிழந்த வீரர்களுக்கான மறுவாழ்வு மையம் தொடங்கப்பட்டது. 1978இல் மொகாலியில் மற்றொன்று. தமக்கென ஒருவரும் இல்லாத, அல்லது குடும்பத்தால் பார்த்துக்கொள்ள இயலாத வீரர்கள் அங்கே ஆண்டுக்கணக்கில் வாழ்கிறார்கள். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழில் பழகுகிறார்கள், விளையாடுகிறார்கள். மதிக்கத்தக்க இடங்கள். மாமாவுக்கும் கிர்க்கி ஒரு வழியாகச் சொல்லப்பட்டது. அவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, "அங்க போனா நான் உயிரோட இருப்பேன், இங்க இருந்தா நான் இவங்க அப்பாவா இருப்பேன்" என்று மகளைக் காட்டிச் சொன்னார். அப்போது அவளுக்கு மூன்று வயது. பிழைப்புக்கும் உறவுக்கும் நடுவே ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் ஏற்பாட்டில் ஏதோ குறை இருக்கிறது என்று எனக்கு அன்றே தோன்றியது. பரந்த நாட்டில் புனேயில் ஒன்று, மொகாலியில் ஒன்று. தென்னாட்டு வீரனின் வீட்டுக்கு அருகில் எது இருக்கிறது?

உயிருக்கு ஆபத்து நீங்காதவரை இராணுவ மருத்துவமனை கைவிடுவதில்லை என்பதற்குச் சான்று இருக்கிறது. 2015 நவம்பரில் குப்வாராவில் முகத்தில் சுடப்பட்ட லெப்டினன்ட் கர்னல் கரண்பீர் சிங் நட், நினைவு திரும்பாமலே எட்டாண்டுகள் இருந்து, 2023 டிசம்பரில் ஜலந்தர் இராணுவ மருத்துவமனையில் காலமானார். எட்டாண்டு காலம் ஓர் உடலைக் காத்து நிற்கும் ஆற்றல் நம் அமைப்புகளுக்கு உண்டு என்பதை அது காட்டுகிறது. சிக்கல், உயிருக்கு ஆபத்து நீங்கிய பிறகு தொடங்குகிறது. நினைவு தெளிவாக இருக்கிறது, மூச்சு சீராக இருக்கிறது, புண் இல்லை. எனவே நீங்கள் நோயாளி அல்லர், வீட்டுக்குப் போகலாம். அந்த "வீடு" எங்கள் ஊரில் சுரங்க நிறுவனம் கட்டிய லைன் வீடு. வாசலில் சக்கர நாற்காலி நுழையாது. முதல் மாதம் மாமாவைப் போர்வையில் கிடத்தி நான்கு பேர் தூக்கித்தான் உள்ளேயும் வெளியேயும் கொண்டுபோனோம்.

2024ஆம் ஆண்டு இரண்டு படங்களுக்கு ஊரே திரண்டு சென்றது. 'அமரன்' வீரமரணம் எய்திய மேஜர் முகுந்த் வரதராஜனைப் பற்றியது. 'சந்து சாம்பியன்' 1965 போரில் குண்டடிபட்டு, 1972இல் ஹைடல்பர்க் பாராலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்ற முரளிகாந்த் பேட்கரைப் பற்றியது. இரண்டையும் நானும் பார்த்து அழுதேன். சவப்பெட்டிக்கும் பதக்கத்துக்கும் நடுவே ஒரு கட்டில் கிடக்கிறது. அதைப் பற்றி யாரும் படம் எடுப்பதில்லை. எடுத்தாலும் ஓடாது என்றே நினைக்கிறேன். அங்கே ஒவ்வொரு நாளும் ஒரே நாள்தான்.

வேறு வழி இருக்க முடியுமா என்று தேடத் தொடங்கியபோது எனக்குக் கிடைத்த வெளிச்சம் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தது. ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். இராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது கடற்படை அதிகாரித் தேர்வுக்குச் சென்றார். 1975 ஜனவரி 10 அன்று, எங்கள் ஊரிலிருந்து நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ள பெங்களூரில், உடற்தகுதித் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அவர் இன்னும் படைவீரர்கூட அல்லர், தேர்வுக்கு வந்தவர். இராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹல் அவருக்குச் சிகிச்சை அளித்தார். ஊருக்குத் திரும்பிய இராமகிருஷ்ணன் 1981இல், உலக ஊனமுற்றோர் ஆண்டில், ஐந்து குழந்தைகளை வைத்துக்கொண்டு கொட்டகையில் ஒரு பள்ளி தொடங்கினார். அதற்குத் தம் மருத்துவரின் பெயரைச் சூட்டினார்: அமர் சேவா சங்கம். பின்னாளில் தசைச் சிதைவு நோயுள்ள பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் அவரோடு இணைந்தார். இன்று தண்டுவடம் பாதிக்கப்பட்டோருக்கான மறுவாழ்வுப் பணியும் சுற்றுக் கிராமங்களில் வீடு தேடிச் செல்லும் பணியும் அங்கிருந்து நடக்கின்றன. 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. நான் பார்ப்பது விருதை அன்று. பராமரிப்பு ஒரு கிராமத்தில் வேர்விட முடியும் என்பதைத்தான்.

இலங்கையிலும் இதன் சாயலைக் காணலாம். காயமுற்ற தம் படையினருக்காக அந்நாட்டு அரசு 2011இல் அனுராதபுரத்தில் 'அபிமன்சல' இல்லத்தைத் திறந்தது. அதே போரில் முள்ளந்தண்டு முறிந்த வன்னித் தமிழருக்கு அத்தகைய கதவு திறக்கவில்லை. அவர்கள் மாங்குளத்தில் 'உயிரிழை' என்று தாமே ஓர் அமைப்பை உருவாக்கிக்கொண்டார்கள். யாருடைய முதுகெலும்புக்கு இல்லம், யாருடையதற்கு இல்லை என்பதை எங்கும் சீருடைதான் முடிவு செய்கிறது.

எங்களுக்கு உண்மையில் கைகொடுத்தது வேலூர். 1954இல் விபத்தில் கால்கள் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸின் முயற்சியால், 1966இல் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் பாகாயத்தில் உருவானது. அங்கே நோயாளியோடு வீட்டார் ஒருவரும் தங்கிக் கற்றுக்கொள்ள வேண்டும். குழாய் விடுவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது, தோலைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பது என எல்லாவற்றையும் அக்கா அங்கேதான் கற்றாள். விரலில்லாத கையில் கரண்டியைக் கட்டி உண்ண மாமா கற்றதும் அங்கேதான். "ஆஸ்பத்திரில நோயைப் பாத்தாங்க, அங்க எங்களப் பாத்தாங்க" என்பாள். ஆனால் கற்றுக்கொண்டு திரும்பிய பிறகு செய்வதற்கு அவள் ஒருத்திதான். அத்தைக்கு மூட்டுவலி. மாமாவின் தம்பி மாரிகுப்பத்திலிருந்து புறப்படும் விடியற்கால ரயிலில் பெங்களூர் போனால் இரவுதான் திரும்புவார். எங்கள் ஊர் இளைஞர்களில் பெரும்பாலோர் அப்படித்தான். பகல் முழுவதும் ஊரில் முதியவர்களும் பெண்களும்தான் இருக்கிறார்கள்.

ஒருமுறை மருத்துவர் ஒருவர் மாமாவுக்கு வேறென்ன தேவை என்று கேட்டார். திரும்பி வரும் வழியில் அக்கா என்னிடம் சொன்னாள்: "அவருக்கு என்ன வேணும்னு எல்லாரும் கேக்கறாங்கடி. எனக்கு ஒரு ராத்திரி தூக்கம் வேணும்னு யார்கிட்ட எழுதிக் கொடுக்கறது?"

அந்த விண்ணப்பத்தைப் பெற்றுக்கொள்ளும் சட்டம் உலகில் இருக்கிறது. அமெரிக்காவில் 2010இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், கடுமையாகக் காயமுற்ற முன்னாள் படைவீரரை வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கு மாத உதவித்தொகை, பயிற்சி, மருத்துவக் காப்பு ஆகியவற்றோடு ஆண்டுக்குக் குறைந்தது முப்பது நாள் மாற்று ஏற்பாட்டையும் வழங்குகிறது. அந்த முப்பது நாளும் வேறொருவர் வந்து பார்த்துக்கொள்வார். அல்லது காயமுற்றவர் வேறோர் இடத்தில் தங்குவார். அச்சட்டத்திலும் குறையுண்டு. தொடக்கத்தில் 2001 செப்டம்பருக்குப் பின் காயமுற்றவர்களுக்கு மட்டுமே என்று கோடு கிழித்தார்கள். வியட்நாமில் கால் இழந்தவனின் மனைவி 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆயினும் பார்த்துக்கொள்பவள் ஒரு தனி ஆள், அவளுக்கும் உடல் உண்டு என்று சட்டம் ஒப்புக்கொண்டது பெரிய செய்தி.

நம் நாட்டில் கோடு வேறு விதமாகக் கிழிக்கப்படுகிறது. வந்திருந்த அந்தத் தாயின் மகன் அக்னிவீரன். வயது இருபத்தொன்று. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட திட்டத்தின்படி, பணியால் நேர்ந்த ஊனம் நூறு விழுக்காடானால் ஒரே தவணையாக 44 இலட்சம், 75 விழுக்காடானால் 25 இலட்சம், 50 விழுக்காடானால் 15 இலட்சம். எஞ்சிய பணிக்காலத்துக்கான ஊதியமும் சேவா நிதியும் உண்டு. ஓய்வூதியம் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதி இல்லை, ஆகவே மேற்சொன்ன மருத்துவத் திட்டமும் இல்லை. 44 இலட்சம் என்பது எங்கள் ஊரில் யாரும் ஒருசேரக் கண்டிராத தொகைதான். ஆனால் இருபத்தொரு வயதுக்காரனுக்கு இன்னும் நாற்பதாண்டு வாழ்வு இருக்கலாம். அதை மாதங்களாகப் பிரித்தால் மாதம் ஒன்பதாயிரத்துச் சொச்சம்; அதிலிருந்தே மருந்தும் குழாயும் மெத்தையும் ஆளும். வட்டி வருமே என்பார்கள். விலைவாசியும் ஏறுமே.

இக்கோடுகள் அழிக்க முடியாதவை அல்ல. பயிற்சிக் கழகங்களில் காயமுற்று வெளியேற்றப்பட்ட அதிகாரிப் பயிற்சியாளர்களும் நெடுங்காலம் இப்படித்தான் எந்தக் கணக்கிலும் சேராமல் இருந்தார்கள். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதைத் தானே முன்வந்து வழக்காக எடுத்தது. அந்த மாதமே அவர்களை மருத்துவத் திட்டத்தில் சேர்க்க அரசு ஒப்புக்கொண்டது. அதிகாரியாக வேண்டியிருந்த பிள்ளைக்குத் திறந்த கதவு சிப்பாய்ப் பிள்ளைக்கும் திறக்க வேண்டாமா?

ஆயினும் மருத்துவ அட்டை கிடைத்துவிட்டால் அந்தத் தாயின் கேள்வி தீர்ந்துவிடாது. அவர் கேட்டது "எங்கே" என்று. அதற்கு என் விடை இவ்வூரிலேயே இருக்கிறது.

சாம்பியன் ரீப்ஸுக்குக் கட்டிலில் கிடக்கும் ஆண்கள் புதியவர்கள் அல்லர். மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமான சுரங்கம். பாறை வெடித்து முதுகு முறிந்தவர்கள் எத்தனையோ பேர். 1940களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு நாற்பது பேருக்குமேல் நுரையீரலில் கல்தூசு நோய் தெரிந்தது. என் தாத்தா அந்நோயில்தான் போனார். கடைசி ஆறாண்டுகள் படுக்க முடியாமல் உட்கார்ந்தே உறங்கினார். ஆயா அவர் முதுகுக்குத் தன் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருப்பாராம். அவ்வளவுக்கும் அன்று நடக்கும் தொலைவில் நிறுவன மருத்துவமனை இருந்தது. செவிலியர் இருந்தார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது; மருத்துவமனையும் பாழாயிற்று. 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது இளைஞர்கள் கூடி அந்தக் கட்டடத்தைக் கூட்டிக் கழுவிச் சிகிச்சை மையமாக்கிக் காட்டினார்கள். சில வாரங்களில் செய்தார்கள். அந்தச் சுவர்களுக்குள் இன்னும் உயிர் இருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

அதில் ஒரு சிறு பகுதியை, இருபது கட்டில் அளவுக்கு, நெடுங்காலப் பராமரிப்புக்காகத் திறக்க வேண்டும் என்பது என் கருத்து. நிரந்தரமாக அடைத்துவைக்கும் இல்லமாக வேண்டாம். மாதத்தில் நான்கு நாள், ஆண்டில் ஒரு மாதம் வந்து தங்கிச் செல்லும் இடமாக. வீட்டார் பயிற்சி பெறும் இடமாக. வேலூருக்கோ பெங்களூர் இராணுவ மருத்துவமனைக்கோ போக வேண்டிய நிலை வருமுன்பே புண்ணைக் கண்டுபிடிக்கும் இடமாக. பயிற்சி பெற்ற எங்கள் ஊர்ப் பெண்களும் ஆண்களும் அங்கே ஊதியத்துக்கு வேலை செய்யட்டும். விடியற்கால ரயிலைப் பிடிக்காமல் சிலருக்காவது ஊரிலேயே பிழைப்பு அமையும்.

படைவீரருக்கு மட்டுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். பாதுகாப்புத் துறையின் பணம் வரவேண்டுமானால் அப்படித்தான் கேட்க வேண்டும், எல்லாருக்கும் என்றால் கோப்பு நகராது என்றார். நடைமுறை அறிந்தவர், அவர் சொல்வது மெய்யாகவும் இருக்கலாம். நான் உடன்படவில்லை. இரு சக்கர வாகனத்தில் விழுந்தவனுக்கும் மாமாவுக்கும் தேவைப்படுவது அதே மெத்தை, அதே குழாய், அதே கை. படைவீரரை முன்னிட்டுக் கதவைத் திறப்போம். திறந்தபின் சீருடை கேட்காதிருப்போம். மாமாவிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "ராத்திரி ரெண்டு மணிக்கு நான் ஹவில்தாருமில்ல, ஒண்ணுமில்ல" என்றார்.

அந்தத் தாய் புறப்படும்போது அக்கா ஒரு நீளக் கோட்டு நோட்டுப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்தாள். எட்டாண்டுகளாக அவள் எழுதிவரும் பல புத்தகங்களில் முதலாவது: எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திருப்பினாள், எவ்வளவு சிறுநீர், எங்கே சிவப்பு. வாசல் அகலத்தை அளந்துவிட்டுக் கொத்தனாரை அழையுங்கள் என்றாள். காற்று மெத்தையைப் பையன் வருவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள், வந்தபிறகு நேரம் இருக்காது என்றாள். அவன் வரும் முதல் வாரம் இரண்டு இரவு நானே வந்து இருக்கிறேன் என்றும் சொன்னாள். அந்த இரண்டு இரவும் மாமாவை யார் பார்ப்பது என்று நான் கேட்கவில்லை. அலாரத்தை என் கைப்பேசியில் வைத்துக்கொண்டேன்.